மடக்குக்கத்தியின் வயதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஒரு பழைய மடக்குக்கத்திக்குக் கொடுக்கப்படும் விலையில் பெரும்பங்கு அதன் வயதுக்கும் அதைச் செய்த பட்டறையின் பெயருக்குமே போகிறது. ஆனால் அந்த வயது எப்படி முடிவு செய்யப்படுகிறது என்று பார்த்தால், அலகின் அடியிலுள்ள முத்திரையைப் படித்து, அச்சில் வந்த ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, அதில் கண்ட ஆண்டை அப்படியே எடுத்தெழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. இம்மடல் உங்கள் முன் வைக்கும் கருத்து ஒன்றுதான்: முத்திரை பெரும்பாலும் கீழ்வரம்பை மட்டுமே தருகிறது, அதாவது இந்த ஆண்டுக்கு முன் இக்கத்தி செய்யப்பட்டிருக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது, மேல்வரம்பைக் கைப்பிடி, வில், ஆணி, உள்தகடு ஆகியவற்றிடமிருந்துதான் கேட்டுப் பெற வேண்டும், இவை அனைத்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிலையில் ஒற்றை ஆண்டை எழுதுவது வாங்குபவருக்கும் அந்தப் பொருளின் வரலாற்றுக்கும் செய்யும் அநீதியாகும்.

உறுப்புகளின் பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கைப்பிடிக்குள் மடங்கும் அலகின் அடிப்பகுதியில், கூர் இல்லாமல் தட்டையாக, ஆணியைச் சுற்றித் திரும்பும் பகுதிக்கு டேங் என்று பெயர்; பெரும்பாலான முத்திரைகள் இங்கேதான் அடிக்கப்பட்டுள்ளன. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் இறுக்கிப் பிடிக்கும் எஃகுப் பட்டை பின்வில் எனப்படும். கைப்பிடியின் உட்புறம் இருக்கும் மெல்லிய பித்தளை அல்லது இரும்புத் தகடு லைனர். இருமுனைகளையும் காக்கும் உலோகக் கவசம் போல்ஸ்டர். கைப்பிடியின் நடுவே பதித்த சிறு உலோகச் சின்னம் ஷீல்டு. அலகை நகத்தால் இழுத்துத் திறப்பதற்கான பள்ளம் நகக்குழி. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாட்சி சொல்லக்கூடியது, ஒவ்வொன்றும் தனித்தனியாக மாற்றப்படக்கூடியதும்கூட.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகளிலிருந்து தொடங்குவதே முறையாகும், ஏனெனில் குறிகளைப் பதிவுசெய்து காக்கும் வழக்கம் அங்கே மிகத் தொன்மையானது. ஹாலம்ஷயர் கத்திக்கொல்லர் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது; அதில் பதிவான குறி ஒரு சொத்தாகவே கருதப்பட்டது. குடும்பத்து வீட்டுப் பத்திரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கிரயமாகவோ குத்தகையாகவோ போவதுபோல, ஒரு குறியும் அதை முதலில் பெற்ற கொல்லரை விட்டு வேறொருவரிடம் போகலாம். இது தெரியாததனால் நேரும் தவறு ஒன்று மிகப் பரவலானது. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற விண்மீனும் மால்ட்டீஸ் சிலுவையும் அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். எனினும் நிறுவனம் தன் தொன்மையைக் காட்ட 1682 என்ற ஆண்டையே முன்னிறுத்தியது. அந்த எண்ணை அலகில் கண்டு கத்தி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து ஹென்கல்ஸ் நிறுவனத்தின் இரட்டையர் குறியோடு சேர்த்துச் சொல்லப்படும் 1731-உம் இவ்வகையே. நிறுவனமோ குறியோ தோன்றிய ஆண்டு கத்தி பிறந்த ஆண்டாகாது.

அதே ராட்ஜர்ஸ் கத்திகள், முறையாகப் படிக்கப்பட்டால், காலத்தை வியக்கத்தக்க தெளிவோடு சொல்கின்றன. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரிடம் அந்நிறுவனம் அரச நியமனம் பெற்றது; அதன்பின் ஆட்சியிலிருந்த அரசரின் பெயரெழுத்துகளை நடுவே மணிமுடியோடு டேங்கில் அடிக்கும் வழக்கம் வந்தது. 'டபிள்யூ ஆர்' என்றிருந்தால் நான்காம் வில்லியமின் காலம், அதாவது 1830 முதல் 1837 வரை. 'வி ஆர்' என்றிருந்தால் விக்டோரியாவின் நெடிய காலம், 1837 முதல் 1901 வரை. 'ஈ ஆர்' என்றிருந்தால் ஏழாம் எட்வர்டின் 1901–1910. இடர்ப்பாடு 'ஜி ஆர்' என்ற எழுத்துகளில்தான் இருக்கிறது, ஏனெனில் அவை 1830-இல் இறந்த நான்காம் ஜார்ஜுக்கும், 1910-இல் அரியணையேறிய ஐந்தாம் ஜார்ஜுக்கும், அவருக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜுக்கும் பொருந்தும். இடையில் ஏறத்தாழ எண்பது ஆண்டு இடைவெளி கிடக்கிறது. இந்த ஐயத்தை முத்திரை தீர்க்காது, மற்ற உறுப்புகளே தீர்க்கும். அதே டேங்கில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தாலோ, அலகு துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலோ, கைப்பிடி செல்லுலாய்டாக இருந்தாலோ, நான்காம் ஜார்ஜின் காலம் அங்கேயே விலகிவிடுகிறது. விக்டோரியாவின் 64 ஆண்டுகளையும் இப்படித்தான் பகுத்துச் சுருக்க வேண்டும். 'விக்டோரியா காலம், சுமார் 1850' என்று நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து எழுதுவது ஆய்வாகாது.

நாட்டின் பெயர் டேங்கில் ஏறிய கதை சட்டத்தின் கதையாகும். பிரிட்டனின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், பிரிட்டிஷ் பொருள்போல் தோற்றமளித்த அயல்நாட்டுச் சரக்கு தன் பிறப்பிடத்தைச் சொல்ல வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1890-இல் இயற்றப்பட்ட மெக்கின்லி சுங்கச் சட்டம் 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் கேட்டது. எனவே 'இங்கிலாந்து' அல்லது 'ஜெர்மனி' என்று அடித்திருந்தால் கத்தி பெரும்பாலும் இச்சட்டங்களுக்குப் பிற்பட்டது என்பது சரியான ஊகமே. ஆனால் இதைத் திருப்பிப்போட்டு, நாட்டுப் பெயர் இல்லாததனால் 1891-க்கு முற்பட்டது என்று முடிவுகட்டுவது பிழையாகும். அமெரிக்கச் சட்டம் அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கிய சரக்கை மட்டுமே கட்டுப்படுத்தியது. உள்நாட்டில் விற்க ஒதுக்கிய கத்தியிலோ, சென்னைக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய கத்தியிலோ 'ஷெஃபீல்ட்' என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க அதிகாரி கேட்கப்போவதில்லை. இந்தியாவுக்கென்று 1889-இல் வந்த வணிகக் குறிச் சட்டத்தின் முதன்மை நோக்கம் பொய்யான விவரணையைத் தடுப்பதேயன்றி, ஒவ்வொரு பேனாக்கத்தியிலும் நாட்டுப் பெயரை அடிக்கச்செய்வதன்று. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய வீடுகளிலிருந்து வெளிவரும் ஷெஃபீல்ட் கத்திகளை அமெரிக்கச் சேகரிப்பாளருக்காக எழுதிய அட்டவணையால் அளப்பவர்கள் அவற்றைப் பல ஆண்டுகள் முதுமையாக்கிவிடும் அபாயம் மெய்யானது. பிற்காலத்துக்கு வந்தால் நிலைமை எளிது: 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரை இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரையான சில ஆண்டுகளுக்கு உரியது; 'மேற்கு ஜெர்மனி' என்பது அந்நாடு பிரிந்திருந்த காலத்துக்கு உரியது.

அமெரிக்கக் கத்திகளில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்ஃபோர்டு நகரின் கேஸ் நிறுவனம் தனிக்கவனத்துக்குரியது, ஏனெனில் ஆண்டைக் குறியீடாக அடிக்கும் முறையை அதுவே சேகரிப்பாளர் கையில் கொடுத்தது. 1920 முதல் 1940 வரை 'டெஸ்டட்' என்ற சொல் முத்திரையில் இருந்தது; 1940 முதல் 1964 வரை 'கேஸ் எக்ஸ்எக்ஸ்'; 1965 முதல் 1969 வரை அதனோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970-இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இடப்பட்டு, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டன. 1979-இல் எஞ்சியது ஒரே புள்ளி. 1980-இல் மின்னல்போல் வளைந்த 'எஸ்' எழுத்தோடு புதிய முத்திரை வந்து, மீண்டும் பத்திலிருந்து எண்ணிக்கை இறங்கியது. ஏழு புள்ளி என்றால் பழைய எழுத்தில் 1973, மின்னல் எழுத்தில் 1983; புள்ளியை மட்டும் எண்ணி எழுத்தின் வடிவைப் பார்க்காதவர் பத்தாண்டு தவறுவது இதனாலேயே.

டேங்கின் மறுபுறமுள்ள வடிவ எண்ணும் அதே அளவுக்குப் பேசுகிறது. 6254 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், முதலிலுள்ள 6 கைப்பிடி எலும்பு என்பதையும், அடுத்த 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 பட்டறை வடிவத்தையும் குறிக்கும். இது டிராப்பர் எனப்படும் வடிவம். பொறிவைத்து விலங்கு பிடிப்போர் தோலுரிக்கப் பயன்படுத்திய இரு நீண்ட அலகுகள் கொண்டது, ஒன்று முனை சரிந்த கிளிப் அலகு, மற்றது முனை மழுங்கிய ஸ்பே அலகு. 5254 என்றிருந்தால் கைப்பிடி மான்கொம்பாக இருக்க வேண்டும்; 3254 என்றிருந்தால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருளாக இருக்க வேண்டும். 5 என்று தொடங்கும் எண்ணைத் தாங்கிய கத்தியின் கைப்பிடி எலும்பாக இருந்தால், ஒன்று கைப்பிடி மாற்றப்பட்டது, அல்லது அலகு வேறொரு கத்தியிலிருந்து வந்தது; இரண்டும் விலையைப் பாதிப்பவை.

ஒரு டிராப்பரைக் கையிலெடுத்துப் படிக்கும் முறையை நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். கிளிப் அலகின் டேங்கில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருக்கிறது, ஸ்பே அலகின் டேங்கில் 'யு.எஸ்.ஏ.' சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அவசரமாகப் பார்ப்பவர் ஓர் அலகு மாற்றப்பட்டது என்று கத்தியைத் தள்ளிவிடுவார். ஆனால் முத்திரை மாறிய 1964–65 காலத்தில், முன்பே அடித்து வைத்திருந்த அலகுகள் தீரும்வரை புதிய அலகுகளோடு கலந்து பொருத்தப்பட்டன. இத்தகைய கத்திகள் இடைமாற்றக் கத்திகள் எனப்பட்டு, சேகரிப்பாளரிடையே மதிப்போடு தேடப்படுகின்றன. எனவே வினா முத்திரையை விட்டு ஆணிக்கு நகர்கிறது. அலகைத் தாங்கும் ஆணி பட்டறையிலேயே அடித்துப் போல்ஸ்டரோடு சேர்த்துத் தீட்டப்பட்டிருந்தால், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது அதன் வட்டம் தென்படாமலோ, மயிரிழையளவே தென்பட்டோ இருக்கும். பின்னாளில் பிரித்துப் பூட்டியிருந்தால் வட்டம் தெளிவாகத் தெரியும், சுற்றிலும் சுத்தியல் தழும்போ, போல்ஸ்டரின் ஒரு பக்கம் மட்டும் மிகையான பளபளப்போ இருக்கும். அடுத்து இரு அலகுகளின் தேய்மானம் ஒத்திருக்கிறதா, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பின்வில் லைனரோடு சமமாக நிற்கிறதா, இரு டேங்குகளின் கருமையும் ஒரே ஆழமுடையதா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் ஒத்துப்போனால் மட்டுமே, அந்தக் கத்தி இரு காலங்களின் எல்லையில் பிறந்தது என்று துணிந்து எழுதலாம்.

பொருள்களின் வரலாறு கீழ்வரம்பை உறுதியாக்கும் மற்றொரு துணை. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் 1913-இல் வார்த்தார். அதற்கு அடுத்த ஆண்டில்தான் அது கத்தியலகாக மாறியது. எனவே அத்தகைய அலகு கொண்ட எந்தக் கத்தியும், கைப்பிடி எவ்வளவு பழமையாகத் தோன்றினாலும், முதல் உலகப் போருக்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. செல்லுலாய்டு 1870-ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவானது. டெல்ரின் என்ற நெகிழி டூபாண்ட் நிறுவனத்தால் 1960-இல் வணிகத்துக்கு வந்து, அதே பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து பல பட்டறைகளில் எலும்பின் இடத்தைப் பிடித்தது. கேஸ் நிறுவனமும் டெல்ரின் கைப்பிடிகளுக்கு அதே 6 என்ற எண்ணைத் தொடர்ந்ததால், எண்ணைக் கொண்டு மட்டும் எலும்பைத் தீர்மானிக்க இயலாது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் எலும்பில் நுண்துளைகளும், நீளவாக்கில் கரும்புள்ளிகளாகவும் கோடுகளாகவும் குருதிக்குழாய்த் தடங்களும் தெரியும். டெல்ரினில் இவை இராது, செதுக்கிய வரிகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் மழமழப்பாக இருக்கும். காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய வழக்கம் பொருளைக் காயப்படுத்தும் வழக்கம். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றுவதால் ஆபத்தானதும்கூட. லென்ஸ் இருக்கும் இடத்தில் ஊசிக்கு வேலையில்லை.

இல்லாததைக் கொண்டு வாதிடுவதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்குப் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஒப்பினெல் கத்தியே தக்க சான்று. அலகைத் திறந்த நிலையில் பூட்டும் சுழல்வளையத்தை மார்செல் ஒப்பினெல் 1955-இல் அமைத்தார். ஆகவே வளையமில்லாத ஒப்பினெல் அதற்கு முற்பட்டது என்ற சூத்திரம் பரவியிருக்கிறது. ஆனால் 2 முதல் 5 வரையான சிறிய அளவுகளுக்கு இன்றும் வளையம் கிடையாது; போன மாதம் கடையில் வாங்கிய சிறு கத்தியையும் அந்தச் சூத்திரம் எழுபது ஆண்டுப் பழமையாக்கிவிடும். 8ஆம் எண் அளவில் வளையமில்லை என்றால் அந்தச் சான்று வலுவானது. மூடிய நிலையிலும் பூட்டும் வளையம் இருந்தால் 2000-க்குப் பிற்பட்டது. 1 அல்லது 11ஆம் எண்ணாக இருந்தால், அவ்விரு அளவுகளும் 1935-இல் கைவிடப்பட்டமையால், அதற்கு முற்பட்டது. சுவிட்சர்லாந்தின் கத்திகளிலும் இதே நிதானம் தேவை. கார்ல் எல்சனர் 1884-இல் ஈபாக் சிற்றூரில் பட்டறை தொடங்கி, 1891-இல் சுவிஸ் படைக்கு முதன்முதலாகக் கத்தி வழங்கினார். தாயின் பெயரான விக்டோரியாவைத் தொழிலுக்கு 1909-இல் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின் 1921-இல் விக்டோரினாக்ஸ் என்ற பெயர் பிறந்தது. விக்டோரினாக்ஸ் என்றிருந்தால் 1921-க்கு முற்பட்டதன்று என்பது உறுதி. விக்டோரியா என்று மட்டும் இருந்தால் 1921-க்கு முற்பட்டது என்பது உறுதியன்று, ஏனெனில் பழைய முத்திரைகள் புதிய பெயர் வந்த அன்றே குப்பைக்குப் போகவில்லை.

ஒற்றை ஆண்டைத் தயக்கமின்றி எழுதத்தக்க மடக்குக்கத்தி ஒன்று உண்டென்றால் அது வெள்ளி அலகு கொண்ட பழக்கத்தியே. பழத்தின் புளிப்பு எஃகைக் கறுக்கச்செய்து சுவையையும் கெடுக்கும் என்பதனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செல்வர்கள் இதைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். அலகு வெள்ளியாதலால் அரசு அங்கீகரித்த உரைநிலையத்தின் முத்திரை அதற்குத் தேவைப்பட்டது. 1773-இல் தொடங்கிய ஷெஃபீல்ட் நிலையத்தின் குறி மணிமுடி, அதே ஆண்டில் தொடங்கிய பர்மிங்காம் நிலையத்தின் குறி நங்கூரம். இவற்றோடு வெள்ளியின் தரத்தைக் காட்டும் நடக்கும் சிங்கமும், ஆண்டுதோறும் மாறும் ஓர் எழுத்தும் இருக்கும். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஆளும் அரசரின் தலையும் சேர்ந்தது. ஓர் எழுத்து, ஒரு தலை, ஒரு மணிமுடி ஆகிய மூன்றும் அரிசி அளவுக்குள் அடங்கியிருக்க, செய்த ஆண்டு பன்னிரண்டு மாதத்துக்குள் கிடைத்துவிடுகிறது. விலை குறைவென்று சேகரிப்பாளர் பலர் இவற்றை ஒதுக்குவது வருந்தத்தக்கது. காலக்கணிப்பில் கண்ணைப் பழக்க இதைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை.

போலிகளைப் பற்றிச் சில சொற்கள் அவசியம். அலகைக் காய்ச்சிக் கடினமாக்கும் முன்பே, எஃகு மென்மையாக இருக்கையில், முத்திரை அடிக்கப்பட்டது. ஆகவே பழைய முத்திரையின் எழுத்துகள் அமுங்கிய தன்மையோடும் சீரான ஆழத்தோடும் இருக்கும். கடினமான எஃகில் பின்னாளில் கீறியோ அமிலத்தால் அரித்தோ உண்டாக்கிய எழுத்தின் அடித்தளம் சொரசொரப்பாகவும், ஓரம் கூர்மையாகவும் தெரியும். சுற்றியுள்ள டேங் மட்டும் கருமை நீங்கி வெளுத்திருந்தால் ஐயம் வலுக்கும். ஏமாற்றும் நோக்கமே இல்லாத மறுபதிப்புகளும் காலப்போக்கில் ஏமாற்றுகின்றன. ரெமிங்டன் நிறுவனம் 1920 முதல் 1940 வரை கத்தி செய்தது. துப்பாக்கித் தோட்டா வடிவ ஷீல்டு பதித்த அதன் டிராப்பரான ஆர் 1123 மிகுந்த விலை பெறுவது. அதே எண்ணில் 1982-இல் ஒரு மறுபதிப்பு வெளியாயிற்று. அன்று புதிதாக விற்ற அக்கத்திகள் இன்று நாற்பதாண்டுக்கு மேல் பயன்பட்டுத் தேய்ந்து, மூலத்தைப் போலவே முதுமை காட்டுகின்றன. ரெமிங்டன் முறையில் எண்ணின் கடைசி 3 எலும்பைக் குறிக்கும். மறுபதிப்பின் கைப்பிடியோ டெல்ரின். எண்ணும் பொருளும் முரண்படும் அந்த இடத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது.

இத்தனை சான்றுகளையும் ஒரே மாலைப்பொழுதில் அழித்துவிடக்கூடியது பஃபிங் சக்கரம். விற்பதற்கு முன் கத்தியைப் பளபளப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் வணிகரிடமும் பரிசளிப்போரிடமும் இன்றும் இருக்கிறது. சக்கரத்தில் வைத்த அலகின் முதுகோரத்துக் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன, அலகில் அமிலத்தால் பொறித்த மெல்லிய எழுத்துகள் மறைகின்றன, டேங்கின் முத்திரை ஆழமிழக்கிறது, ஆணியைச் சுற்றிய பழைய தீட்டலோடு புதிய தீட்டல் கலந்து எதுவும் சொல்லாமல் போகிறது. கார்பன் எஃகில் காலம் படியவைக்கும் சாம்பல்நிறக் கருமை கேடன்று. அது மேலும் துருவேறாமல் ஓரளவு காப்பதாகும். சிவந்து பொடியாக உதிரும் துரு மட்டுமே நிறுத்தப்பட வேண்டியது. அதற்கு மென்துணியும், மரக்குச்சியும், தையல் எந்திர எண்ணெயும் போதும். சமையல் எண்ணெய் இடுக்குகளில் பிசுக்காகத் தங்கி அழுக்கைச் சேர்க்குமாதலால் அதைத் தவிர்க்க வேண்டும். செல்லுலாய்டு கைப்பிடியுள்ள கத்திகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் அடைத்து வைக்கலாகாது. அது சிதையும்போது வெளியிடும் அமில ஆவி பக்கத்திலுள்ள நல்ல அலகுகளையும் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

யானைத்தந்தக் கைப்பிடியுள்ள கத்திகளில் வயதும் பொருளும் சட்டப் பிரச்சினையாகவே ஆகிவிடுகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடைசெய்துள்ளன, பழமை அதற்கு விலக்காகாது. பிரிட்டனில் 2022-இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம் மிகக் குறுகிய விலக்குகளை மட்டுமே தருகிறது. ஆகவே ஒரேசீராக, இணையாக ஓடும் கோடுகளுள்ள செல்லுலாய்டுப் போலித் தந்தத்தை உண்மைத் தந்தம் என்று எழுதுவதும், உண்மைத் தந்தத்தை எலும்பு என்று மறைத்து எழுதுவதும் ஒன்றுபோலத் தீங்கானவை.

விற்பனைக் குறிப்பு எழுதுவோரிடம் இம்மடல் கேட்டுக்கொள்வது இதுவே: ஆண்டைத் தனி எண்ணாக எழுதாமல், கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே குறிப்பது, ஒவ்வொரு அலகின் டேங்கையும் இருபுறமும் படமெடுத்துச் சேர்ப்பது, மாற்றப்பட்ட உறுப்பு எது, தேய்ந்த உறுப்பு எது, தீட்டப்பட்ட உறுப்பு எது என்பதை விலைக்கு முன்னே சொல்வது, கத்தி எந்த ஊரில், எந்தக் குடும்பத்தின் பயன்பாட்டில் இருந்தது என்பது தெரிந்தால், அதை உரியவர் ஒப்புதலோடு ஒரு தாளில் எழுதிக் கத்தியோடு ஒப்படைப்பது. 'ராட்ஜர்ஸ், 1901–1910, ஏழாம் எட்வர்டின் எழுத்துகளைக் கொண்டு. பின்வில்லும் ஆணியும் மூலமானவை. சிறிய அலகு தீட்டப்பட்டுள்ளது' என்ற ஒரு வரி, 'அரிய பழங்காலக் கத்தி, 1850' என்ற வரியைவிடக் குறைந்த விலையை முதலில் பெற்றுத் தரலாம். ஆனால் அடுத்து வாங்குபவர் லென்ஸோடு வந்து பார்த்தாலும் அந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிராது.